மொரீஷியஸில் வீடு வாங்க, திருச்சி வீட்டை விற்கலாமா?

கடிதம் எழுதியிருப்பவர் 57 வயதுப் பெண்மணி, திருச்சிக்காரர். கணவருக்கு 62 வயது. பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மாதம் 82,000 ரூபாய் ஓய்வூதியம். சர்க்கரை உண்டு, இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார். மகன் பெங்களூரில், மகள் சென்னையில். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் பதிவான சொந்த வீடு திருச்சியில் இருக்கிறது, இன்றைய விலைக்கு 1.4 கோடி போகும். வங்கியில் வைப்புத்தொகை 65 லட்சம். சுற்றுலாவாக மொரீஷியஸ் போய்வந்ததிலிருந்து கணவருக்கு அங்கேயே போய்க் குடியிருக்க ஆசை. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து, மாசில்லாத காற்று. வீடு விற்கும் தரகர் ஒருவர், "இங்கே விற்றுவிட்டு அங்கே அடுக்குமாடி வீடு வாங்குங்கள், குடியுரிமையும் வந்துவிடும்" என்கிறார். முன்பணமாக ஐந்து லட்சம் கேட்கிறார். "எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டை விற்க நான் கையெழுத்துப் போட மறுக்கலாமா? வெளிநாட்டில் இருந்தால் ஓய்வூதியம் நின்றுவிடுமா? எல்லாம் எனக்கே என்று அவர் உயில் பதிவு செய்திருக்கிறார், அது போதாதா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, மூன்று கேள்விக்கும் முதலில் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். மறுக்கலாம். நிற்காது. போதாது. நீங்கள் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் கணவருக்குப் பிறகு அந்தத் தீவில் நீங்கள் எந்த உரிமையில், எந்தப் பணத்தில் இருப்பீர்கள்? இந்தத் திட்டத்தின் மிகப் பலவீனமான இடம் அதுதான்.

கையெழுத்து

பத்திரம் இருவர் பெயரில் இருப்பதால் உங்கள் பங்கை உங்களைத் தவிர வேறு யாரும் விற்க முடியாது. கணவர் தன் பிரிபடாத பாதியை மட்டும் விற்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பாதியை வாங்க யாரும் வரமாட்டார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது கிரயப் பத்திரத்தை மட்டுமல்ல. "சும்மா ஒரு அக்ரிமென்ட்தான்" என்று நீட்டப்படும் விற்பனை ஒப்பந்தத்திலும் பொது அதிகாரப் பத்திரத்திலும் அதே எச்சரிக்கை வேண்டும். ஒப்பந்தம் பதிவாகிவிட்டால், பிறகு மனம் மாறினாலும், வாங்குபவர் நீதிமன்றம் போய் விற்றே ஆகவேண்டும் என்று உத்தரவு கேட்கலாம். இதற்கான சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பிறகு இது முன்பைவிட எளிது.

அனுமதிக்கு வேண்டிய மாதப் பணம்

தரகர் சொன்ன வரிசை தலைகீழ். மொரீஷியஸில் ஓய்வு பெற்ற வெளிநாட்டவருக்கென்றே ஒரு குடியிருப்பு அனுமதி உண்டு. வயது 50 ஆகியிருக்க வேண்டும். அங்குள்ள பொருளாதார வளர்ச்சி வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை, காவல்துறை நன்னடத்தைச் சான்று எல்லாம் உண்டு. வீடு வாங்கத் தேவையே இல்லை, வாடகை வீட்டில் இருந்துகொண்டே இதைப் பெறலாம். மனைவியைச் சார்ந்தவராகச் சேர்த்துக்கொள்ளலாம். நிபந்தனை என்னவென்றால், வெளிநாட்டிலிருந்து அங்குள்ள வங்கிக் கணக்குக்கு ஒவ்வோர் ஆண்டும் குறித்த தொகை வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் தொகை பல ஆண்டுகள் மாதம் 1,500 டாலராக இருந்தது. பட்ஜெட்டில் ஏறக்கூடிய எண் அது, ஆகவே நீங்கள் 2,000 என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

டாலருக்கு 90 ரூபாய் என்று கொண்டால் மாதம் 1,80,000 ரூபாய். ஓய்வூதியம் 82,000. மாதம் 98,000 துண்டு விழுகிறது, ஆண்டுக்கு 11.76 லட்சம். 65 லட்சத்துக்கு 7 விழுக்காடு வட்டி வந்தாலும் 4.55 லட்சம்தான். மீதியை அசலில் கைவைத்துத்தான் எடுக்க வேண்டும், அப்படி எடுத்தால் ஏழாண்டு தாண்டியதும் வைப்புத்தொகை காலி. அனுப்பும் பணம் கட்டணம் அல்ல, அது உங்கள் பணம்தான், சிக்கனமாக இருந்தால் அங்கே மிஞ்சும். ஆனால் இந்தியாவில் உங்களுக்கென்று இருக்கும் மெத்தை கரைந்து, பிற நாட்டுக் கணக்குக்கு மாறிக்கொண்டே போகும் என்பதைக் கணவர் எண்ணிப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். உங்களுக்கு அப்போது 64 வயது.

தரகர் காட்டும் வீடு

வீடு வாங்கினால் குடியுரிமை வராது. அரசு ஒப்புதல் பெற்ற குடியிருப்புத் திட்டங்களில் 375,000 டாலருக்குக் குறையாமல் வாங்கினால் குடியிருப்பு அனுமதி கிடைக்கும், அதுவும் அந்த வீடு உங்கள் கையில் இருக்கும்வரைதான். 375,000 டாலர் என்பது ஏறத்தாழ 3.4 கோடி ரூபாய். உங்கள் வீட்டையும் வைப்புத்தொகையையும் சேர்த்தாலும் எட்டாது.

தரகர் காட்டுவது பெரும்பாலும் தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடியாவது உள்ள கட்டடத்தில் ஒரு வீடாக இருக்கும். வெளிநாட்டவர் அப்படி வாங்கக் குறைந்தபட்ச விலை 60 லட்சம் மொரீஷியஸ் ரூபாய். நம் பணத்தில் சுமார் 1.2 கோடி. திருச்சி வீட்டின் விலைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் அவர் கண்ணில் நீங்கள் பட்டிருக்கிறீர்கள். இந்த விலையில் வாங்கினால் வீடு மட்டுமே வரும், அனுமதி வராது. அதற்கு மேலே சொன்ன மாதப் பணத்தைத் தனியாகக் காட்டத்தான் வேண்டும். பதிவு வரியும், அங்கே பத்திரம் எழுதும் நொத்தாரிஸின் கட்டணமும் விலைக்கு மேல். பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருக்கும்.

இந்தியப் பக்கத்தில் மூன்று தடைகள் இருக்கின்றன, இவற்றைத் தரகர்கள் சொல்வதில்லை. ஒன்று, நீங்கள் "விற்ற பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாமாம்" என்று எழுதியிருப்பது சரியல்ல. இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 250,000 டாலர் வரை அனுப்பலாம், கணவன் மனைவிக்குத் தனித்தனி வரம்பு. இரண்டு, ஒருவர் அனுப்பும் தொகை ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 விழுக்காட்டை வங்கி டி.சி.எஸ் என்று முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். 1.2 கோடியை இருவரும் பாதி பாதியாக அனுப்பினால் மொத்தம் 20 லட்சம் பிடிபடும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் இது வரியில் கழியும், மீதி திரும்பி வரும். ஆனால் அதுவரை அந்த 20 லட்சத்தை நீங்கள்தான் வேறெங்காவது புரட்ட வேண்டும்.

மூன்றாவதுதான் வலிக்கக்கூடியது. ஒரு வீட்டை விற்று இன்னொரு வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரி இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புதிதாக வாங்கும் வீடு இந்தியாவில் இருந்தால்தான் அந்த விலக்கு. மொரீஷியஸ் வீட்டுக்குக் கிடையாது, ஆதாயத்துக்கு முழு வரி கட்ட வேண்டும். என்றாவது விற்றே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், இங்கே வசிப்பவராக இருக்கும்போதே விற்றுவிடுவது நல்லது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கக் கணக்குப் போட்டு 20 விழுக்காடு, போடாமல் 12.5 விழுக்காடு, இதில் எது குறைவோ அதைக் கட்டும் சலுகை வசிப்பவருக்கு மட்டுமே உண்டு. வெளிநாடு வாழ்பவராக விற்றால், வாங்குபவர் பிடிக்கும் டி.டி.எஸ்-ஸும் ஒரு விழுக்காட்டோடு நிற்காது.

ஓய்வூதியம் நிற்காது, வரி மாறும்

தமிழ்நாட்டு அரசு ஓய்வூதியம் எந்த நாட்டில் இருந்தாலும் இந்திய வங்கிக் கணக்கில் வரும். ஆண்டு நேர்காணலுக்கு நேரில் வர முடியாவிட்டால் போர்ட் லூயியில் உள்ள இந்தியத் தூதரகத்தில் வாழ்நாள் சான்று வாங்கிக் கருவூலத்துக்கு அனுப்பலாம். ஆதார் முக அடையாளம் வழியாகக் கைபேசியிலேயே மின்னணுச் சான்று கொடுக்கவும் வழியுண்டு. தவறவிட்டால் ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும், சான்று போனதும் நிலுவையோடு வரும்.

"நாட்டை விட்டுப் போய்விட்டால் இங்கே வரி இல்லை" என்று கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நடப்பது நேர்மாறு. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியில்லை என்பது வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு தரும் தள்ளுபடியால் வருவது. அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே. ஓய்வூதியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 9,84,000. நிலைக் கழிவு 75,000 போனால் 9,09,000. இங்கே இருந்தால் வரி ஒரு ரூபாயும் இல்லை. வெளிநாடு வாழ்பவரானால் 32,000 சொச்சம் கட்ட வேண்டும். வட்டிக்கு வரி பிடிக்காதீர்கள் என்று மூத்த குடிமக்கள் எழுதிக்கொடுக்கும் படிவமும் அவருக்கு அப்போது செல்லாது. வெளிநாடு வாழ்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ கணக்கின் வட்டியில் 30 விழுக்காடும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். அஞ்சலகத்தில் புதிதாக மூத்த குடிமக்கள் சேமிப்புக் கணக்கும் தொடங்க முடியாது.

நாள்கணக்கு தனிச் சிக்கல். அந்நியச் செலாவணிச் சட்டத்தில், காலவரையின்றித் தங்கும் எண்ணத்தோடு விமானம் ஏறிய நாளிலிருந்தே அவர் வெளிநாடு வாழ்பவர், சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ-வாக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுத வேண்டும். வருமான வரிச் சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போகிறவருக்கு 182 நாள் வரை சலுகை உண்டு, ஓய்வுக்காகப் போகிறவருக்கு அது இல்லை. அவர் ஆகஸ்டில் புறப்பட்டால் அந்த ஆண்டு இங்கே 60 நாளுக்கு மேல் இருந்துவிட்டதால், ஆண்டு முழுக்க இந்திய வசிப்பாளராகவே வரி கட்டுவார். இரண்டையும் குழப்பிக்கொண்டு வங்கியில் ஒன்று, வரிக் கணக்கில் வேறொன்று எழுதித்தான் பலர் நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

திருச்சி வீட்டை விற்காமல் வாடகைக்கு விடலாம் என்பது நல்ல யோசனை. ஒரு முள் மட்டும் உண்டு. வீட்டுக்காரர் வெளிநாடு வாழ்பவர் என்றால் குடியிருப்பவர் வாடகையில் 30 விழுக்காடும் செஸ்ஸும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும், தொகை எவ்வளவு சின்னதானாலும். சாதாரணக் குடும்பம் வாடகைக்கு வந்தால் இதைச் செய்யத் தெரியாது, செய்யாவிட்டால் பொறுப்பு அவர்கள் தலையில் விழும். ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத்தை 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும்.

அவருக்குப் பிறகு

இதை எழுதுவது எனக்கும் சங்கடம்தான். ஆனால் ஸ்டென்ட் வைத்த 62 வயதுக்காரரின் மனைவிக்கு இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொல்லிப் பயனில்லை.

அனுமதி அவர் பெயரில். நீங்கள் அவரைச் சார்ந்தவராக இருப்பவர். அவர் இல்லையென்றால் உங்கள் இருப்புக்கு அடிப்படையே போய்விடும். உங்களுக்கும் 50 வயது தாண்டிவிட்டதால் உங்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம், ஆனால் அதே மாதப் பணத்தைக் காட்ட வேண்டும். முழு ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடு, குடும்ப ஓய்வூதியம் 30 விழுக்காடு. அதாவது அவர் இப்போது வாங்கும் 82,000 உங்களுக்கு ஏறத்தாழ 49,000 ஆகும். தேவையோ 1,80,000. வைப்புத்தொகையும் அதற்குள் கரைந்திருந்தால் நீங்கள் திருச்சிக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அப்போது திருச்சியில் உங்களுக்கு வீடு இருக்குமா என்பதுதான் இன்று நீங்கள் போடப்போகும் கையெழுத்து.

இனி உயில். அவர் இங்கே பதிவு செய்த உயில் திருச்சி வீட்டில் அவருடைய பங்குக்கும் வங்கிப் பணத்துக்கும் நன்றாகவே செல்லும். மொரீஷியஸில் உள்ள அசையாச் சொத்து அந்நாட்டுச் சட்டப்படிதான் இறங்கும். அங்கே வாரிசுரிமை பிரெஞ்சு உரிமையியல் சட்ட மரபில் வந்தது. பெற்ற பிள்ளைகளுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, உயிலால் அதைத் தொட முடியாது. ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் மூன்று. உங்களுக்கு இரண்டு பிள்ளைகள். அவர் பெயரில் அங்கே வீடு வாங்கினால், "எல்லாம் மனைவிக்கே" என்று அவர் எழுதியது அதில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் முழுதாகச் செல்லும். பிள்ளைகள் நல்லவர்கள், விட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்பீர்கள். விட்டுக்கொடுப்பதற்கும் பத்திரம், நொத்தாரிஸ், பயணம் எல்லாம் வேண்டும். வாங்கத்தான் போகிறார் என்றால் இருவர் பெயரிலும் வாங்கச் சொல்லுங்கள், அந்நாட்டு நொத்தாரிஸிடம் தனி உயில் எழுதச் சொல்லுங்கள்.

பொது அதிகாரப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மகனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், புறப்படும் முன் இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில், எந்த வேலைக்கு என்று வரம்பு குறிப்பிட்டு எழுதுங்கள். அங்கே போய்த் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். எழுதிக்கொடுத்தவர் இறந்த நிமிடமே அவர் கொடுத்த அதிகாரம் முடிந்துவிடும், பிறகு மகன் அதை வைத்து ஒரு வங்கிச் சீட்டில்கூடக் கையெழுத்திட முடியாது. ஆகவே எல்லா வங்கிக் கணக்குகளிலும் நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். போனாலும் போகாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை இது.

ஊரும் உடம்பும்

காவடி, கோயில் எல்லாம் உண்மைதான். ஆனால் அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த உள்ளூர் மொழி. பெயரும் பூசையும் தமிழ், கடைத்தெருப் பேச்சு கிரியோல், செய்தித்தாள் பிரெஞ்சு. பக்கத்து வீட்டு அம்மாவிடம் தமிழில் நாலு வார்த்தை பேசலாம் என்று நம்பிப் போகாதீர்கள். கணவருக்குக் கடலும் நடையும் போதலாம். பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போவது நீங்கள்.

இதயத்துக்குச் சிகிச்சை அங்கே இல்லாமலில்லை. பாம்ப்ளமூஸில் அரசு இதய மையம் இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் உண்டு. பணம் யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டம் அங்கே உதவாது. இந்தியாவில் எடுத்த மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் இந்தியாவில் படுத்தால்தான் கிடைக்கும். ஆனாலும் அதை நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாண்டு தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபிக்காமல், பழைய நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி நிறுவனம் கோரிக்கையை மறுக்க முடியாது. ஒருமுறை விட்டுவிட்டால், சர்க்கரையும் ஸ்டென்ட்டும் உள்ளவருக்குப் புதிய பாலிசியில் மறுபடி முதலிலிருந்து காத்திருப்பு. தூக்க மாத்திரை, டிராமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அங்கே கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டும். மருந்துச் சீட்டு மட்டும் போதாது.

விற்காமல் பார்த்துவிட்டு வர

நீங்கள் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். "பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்று சொல்லுங்கள். ஓராண்டு தங்க பிரீமியம் விசா என்று ஒன்று உண்டு, அதற்கும் மாதம் 1,500 டாலர் வருமானம் காட்ட வேண்டும். உங்கள் ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்தே ஏறத்தாழ 1,20,000தான், அது 1,350 டாலரைத் தாண்டாது. அதனால் சுற்றுலாப் பயணிகளாகவே போங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். திரும்பும் பயணச் சீட்டு, தங்குமிடம், கைச்செலவுக்குப் பணம் காட்டினால் இறங்கும் இடத்திலேயே அனுமதி.

எப்போது போவது என்பது முக்கியம். மொரீஷியஸுக்கு ஜூலையில் போனால் யாருக்கும் பிடிக்கும், அது அவர்களின் குளிர்காலம். நீங்கள் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை போங்கள். புழுக்கமும் புயலும் அப்போதுதான். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்தன. மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும். ஓட்டலில் தங்காமல் சமையலறை உள்ள வாடகை வீடு எடுங்கள். ஒரு மாதம் வடக்கே கடலோரம், ஒரு மாதம் கியூர்பிப், காத்ர் போர்ன் போன்ற மேட்டு நிலத்து ஊர்களில். கியூர்பிப் குளிர்ச்சி, ஆனால் விடாமல் மழை. காய்கறி, மின்சாரம், மருந்து, பேருந்து என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணவர் ஒருமுறை அங்குள்ள இதய மருத்துவரைப் பார்த்துக் கட்டணச் சீட்டையும் அதோடு ஒட்டட்டும். அந்த இரண்டு மாதச் செலவில் பாதியை, உங்களுக்கு வரக்கூடிய 49,000 ரூபாய்க் குடும்ப ஓய்வூதியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தனை குறுகிய பயணத்தால் வரி நிலையோ வங்கிக் கணக்கோ எதுவும் மாறாது.

திரும்பி வந்தும் அவருக்கு ஆசை குறையவில்லை என்றால், ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம் இப்படியே போய்வருவது ஒரு வழி. அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம், எந்தப் பத்திரமும் வேண்டாம்.

தரகரின் ஐந்து லட்சம் மட்டும் அவசரம். கொடுக்க வேண்டாம். வெளிநாட்டுச் சொத்துக்கான பணம் வங்கி வழியாக, காரணம் எழுதி, உங்கள் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். திருச்சியில் ரூபாயாகக் கைமாற்றினால் அந்நியச் செலாவணிச் சட்டத்தில் நீங்களும் மாட்டுவீர்கள், பணம் கொடுத்ததற்கு அந்த நாட்டில் சாட்சியும் இருக்காது. அவரிடம் மூன்று தாள்கள் கேளுங்கள்: அந்தக் கட்டடத்தில் வெளிநாட்டவர் வாங்கப் பொருளாதார வளர்ச்சி வாரியத்தின் ஒப்புதல், பத்திரம் எழுதப்போகும் நொத்தாரிஸின் கடிதம், இன்னும் கட்டி முடியாத கட்டடம் என்றால் கட்டி முடிப்பதற்கு வங்கி கொடுத்த உத்தரவாதம். மூன்றும் வந்தால் பிரதியை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.